சுண்டுவிரல்

ஈரத் துண்டைப் பிழிந்தால் விரல் முறியுமா? எனக்கு முறிந்தது. போன வருஷம் ஐப்பசியில், வத்திராயிருப்பு வீட்டுக் கிணற்றடியில் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்தேன். வலது கைச் சுண்டுவிரலின் அடியில் 'மளுக்'கென்று ஒரு சத்தம். உயிர் போய் உயிர் வந்தது.

அந்த இடம் கொஞ்சம் தடித்திருப்பது பல வருஷச் சமாசாரம். எழுதும்போது காகிதத்தில் அழுந்தி அழுந்திக் காய்த்துவிட்டது என்று நானே காரணம் கற்பித்து, அதில் பெருமைகூடப் பட்டுக்கொண்டிருந்தேன். "எப்பப் பார்த்தாலும் எழுத்து, எழுத்து! விரல் என்னத்துக்கு ஆகும்?" என்றாள் அத்தை. எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் அழுத்திப் பார்த்து, சுளுக்கு என்றார். உளுந்தமாவையும் முட்டையையும் குழைத்துப் பற்றுப் போட்டார். பத்து நாளாகியும் வீக்கம் வடியவில்லை.

மதுரைக்குப் போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். விரலின் அடி எலும்பு, கரு இல்லாத முட்டை மாதிரி ஓடு மாத்திரம் நின்றது. உள்ளே பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளிகள். ஓட்டில் ஒரு விரிசல். "கட்டி" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

1895 டிசம்பர் 22-ஆம் தேதி ராண்ட்ஜென் தம் மனைவியின் கையைத்தான் இப்படிப் படம் பிடித்தார். மோதிரம் போட்ட எலும்பு விரல்! அந்த அம்மாள் பயந்து போனதாகச் சொல்வார்கள். போகமாட்டாளா?

டாக்டர் பொறுமையாக மறுபடியும் சொன்னார்: "இதற்கு என்காண்ட்ரோமா என்று பெயர். குருத்தெலும்புக் கட்டி. கை எலும்பில் வருகிற கட்டிகளில் இதுதான் அதிகம். சாதுவான கட்டி. எலும்பு முறியும் வரையில் பல பேருக்கு இது இருப்பதே தெரியாது."

முறிவு கூடட்டும் என்று தை மாதம் வரை காத்திருந்து, கட்டியைச் சுரண்டி எடுத்து, மணிக்கட்டு எலும்பில் கொஞ்சம் எடுத்துக் குழியை நிரப்பினார்கள். சுரண்டியது பரிசோதனைக்குப் போயிற்று. 'செல்கள் மிகுதி, உருவம் சரியாக இல்லை, புற்றாக இருக்கலாம்' என்று தாள் வந்தது.

அன்றிரவு, பாதியில் நின்ற நாவலை எடுத்து இடது கையால் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். என்னாலேயே அதைப் படிக்க முடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தாளைப் பார்த்ததும் டாக்டர் கேட்டார்: "எக்ஸ்ரே படம் கூடப் போகவில்லையா?"

போகவில்லை.

"தொடை எலும்பில் இப்படிச் செல்கள் தெரிந்தால் நானும் பயப்படுவேன். கைவிரலில் சாதுக் கட்டிகூட மைக்ராஸ்கோப்பில் பொல்லாததாகத் தெரியும். புற்றானால் ஓட்டைத் தின்று வெளியே சதைக்குள் பரவியிருக்கும். உங்கள் ஓடு மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வோம்."

நாலாம் நாள் பதில் வந்தது: என்காண்ட்ரோமா.

யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. அத்தை, கட்டுக்காரர், மைக்ராஸ்கோப், நான் — நாலு பேரும் கண்ணில் பட்டதைத்தான் சொன்னோம். சேர்த்து வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

விரல் இப்போது மடங்குகிறது. நாவலும் நகர்கிறது. அடுத்த தை மாதம் மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய படத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது எலும்பிலிருந்து எடுத்தது பரிசோதனைக்குப் போனால், படமும் கூடப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். துண்டை மட்டும் இன்னும் அத்தைதான் பிழிந்து தருகிறாள்.