மண்ணும் வெயிலும் யாருக்குச் சொந்தம்?

சூழலியல் கூட்டங்களுக்கு இப்போதெல்லாம் எங்களையும் அழைக்கிறார்கள். மண் சுவர், பனையோலைக் கூரை, சாணி மெழுகிய தரை, சுள்ளி அடுப்பு என்று மேடையில் பட்டியல் வாசிப்பார்கள். கேட்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். அத்தனையும் எங்கள் சேரிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவைதான். அன்று அதை வறுமை என்றார்கள். இன்று அதையே பசுமை என்கிறார்கள்.

உள்ளூர் வளத்தைக் கொண்டு வீடும் சாலையும் மின்சாரமும் உண்டாக்குவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சை எங்கே தொடங்குவது என்பதில்தான் எங்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு.

கூரை வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கீற்று மாற்றக் கடன் வாங்கிய பெற்றோரின் பிள்ளைகள். ஐப்பசி மழையில் சுவர் கரையும், சித்திரை வெயிலில் நெருப்புப் பயம் தூங்கவிடாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து போனது ஒரு குடிசைக்குள்தான். எங்கள் அம்மாக்கள் "தளம் போட்ட வீடு ஒண்ணு வேணும்" என்று கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல, பற்றி எரியாத ஒரு கூரைக்காக. இதைப் புரிந்துகொள்ளாமல் சேரிக்காரனிடம் மண் வீட்டின் பெருமை பேச வராதீர்கள்.

அப்படியானால் மண் வேண்டாமா? வேண்டும். எந்த நிபந்தனையில் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் ஒரு பதில் இருக்கிறது.

1996-இல் அந்த ஊராட்சியின் தலைவரானவர் இளங்கோ ரங்கசாமி. தலித், வேதிப் பொறியியல் படித்தவர், அறிவியல் ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அங்கே கட்டப்பட்ட சமத்துவபுரத்தில் 50 இரட்டை வீடுகள். ஒரு பக்கம் தலித் குடும்பம், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தலித் அல்லாத குடும்பம். சுவர்கள் ஊர் மண்ணில் அழுத்திச் செய்த கற்களால் ஆனவை. மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அச்சில் இட்டு இயந்திரத்தால் அழுத்தி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவார்கள். சூளையில் வேக வைக்கத் தேவையில்லை. கல் அறுத்தவர்களும் ஊர்க்காரர்கள், கூலியும் ஊருக்குள்ளேயே தங்கியது.

சூளை இல்லை என்றதும் சூழலியலாளர்கள் கரியமில வாயுவைக் கணக்குப் போடுவார்கள். நாங்கள் போடும் கணக்கு வேறு. செங்கல் சூளை என்றால் எங்களுக்கு முன்பணம், பள்ளியை விட்டு நின்ற பிள்ளை, ஊருக்குத் திரும்ப முடியாத குடும்பம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பிறகும் சூளைகளிலிருந்து இருளர் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் மீட்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். சுடாத கல் எங்களுக்கு முக்கியமாவது இதனால்தான்.

அதே ஊரில் கழிவுநீர்க் கால்வாய் கட்ட, அருகிலிருந்த கருங்கல் மெருகேற்றும் ஆலை ஒதுக்கிய துண்டுக் கற்களைப் பயன்படுத்தினார்கள். செலவு குறைந்தது. ஆனால் அரசு வகுத்த அளவுப்படி கட்டவில்லை என்று தலைவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். போராடி, விசாரணைக்குப் பிறகுதான் அவர் மீண்டும் பதவிக்கு வந்தார். உள்ளூர் வளத்தைப் பயன்படுத்த மண்ணும் கல்லும் மட்டும் இருந்தால் போதாது, கையெழுத்துப் போடும் அதிகாரமும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

அந்த அதிகாரம் எங்களுக்கு எவ்வளவு விலைக்குக் கிடைத்தது? தனித் தொகுதியாக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு ஐந்து பேர். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை முறையாக ஒரு தலித் தலைவர் உட்கார முடியவில்லை. நாற்காலிக்கே இந்தப் பாடு என்றால், மண்ணையும் மின்சாரத்தையும் பற்றி முடிவெடுக்க எங்களை எளிதாக விட்டுவிடுவார்களா?

மின்சாரத்துக்கு வருவோம். கோயம்புத்தூர் மாவட்டம் ஒடந்துறை ஊராட்சி, 2006-இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. மின்சாரம் விற்ற பணம் ஊராட்சிக்கு வந்தது. மறுபக்கம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதி. 2016-இல் 648 மெகாவாட் திறனில் தனியார் சூரிய மின் நிலையம் அங்கே வந்தது. காற்றும் வெயிலும் இரண்டு இடத்திலும் இலவசம்தான். சொந்தக்காரர் மட்டும் வேறு.

அந்த வட்டாரத்தின் வறண்ட நிலங்களில் சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் நிலமில்லாதவர்கள். ஆடு மேய்ப்பதும் அங்கேதான். அப்படிப்பட்ட நிலத்தில் சூரியத் தகடு வந்து வேலி போட்டால், பட்டாக்காரருக்குக் குத்தகை கிடைக்கும் அல்லது விலை கிடைக்கும். பட்டா இல்லாதவர் வேலிக்கு வெளியே நிற்பார். இழப்பீட்டுக் கணக்கில் அவர் பெயரே இருக்காது. 'தரிசு' என்று ஆவணம் சொல்லும் நிலத்தில்தான் எங்கள் சனங்களின் அடுப்பு எரிகிறது.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊருக்கு ஒரு பசுமைத் திட்டம் வந்தால் முதலில் 'அ' பதிவேட்டை எடுங்கள். அந்த இடம் மேய்க்கால் புறம்போக்கா, பாதையா, பஞ்சமி நிலமா என்று பாருங்கள். 1892 முதல் பஞ்சமி நிலமாக ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். பழைய ஆவணங்களில் டி.சி. நிலம் என்ற குறிப்பு இருக்கும். அதைத் தலித் அல்லாதவருக்கு மாற்றியது செல்லாது என்று வாதாட அந்தக் குறிப்பே உங்களுக்கு ஆயுதம்.

பிறகு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, தேதிகளை மறக்காதீர்கள். மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள், தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். மின்சாரம் விற்கும் வருமானத்தில் ஊராட்சிக்கு என்ன பங்கு? அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த, பட்டா இல்லாத குடும்பங்களுக்கு என்ன வழி? வேலைக்கு எடுப்பது காவலுக்கும் புல் வெட்டவும் மட்டும்தானா, சேரிப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி உண்டா?

பொறியியலும் கட்டடக் கலையும் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மண் மிதித்த கைகால்கள் எங்கள் பாட்டன் பாட்டியுடையவை. வரைபடம் போடும் கை மட்டும் இதுவரை வேறு யாருடையதாகவோ இருந்தது. இனி அது உங்கள் கையாக இருக்கட்டும்.