முப்பதாயிரமும் ஏழரை எச்.பி. மோட்டாரும்

சித்தப்பா போன் பண்ணினால் இரண்டே காரணம்தான். ஒன்று, யாருக்காவது கல்யாணம். இல்லாவிட்டால், யாருக்காவது காரியம். 2024 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் நம்பரைப் பார்த்ததும், பட்டு வேட்டியா, பழைய வேட்டியா என்று யோசித்தபடியே எடுத்தேன்.

"ஏம்ப்பா, நீ பி.காம் படிச்சவன்தானே? கிராஃபிக்ஸ் கார்டுன்னா என்னா?"

தூக்கிவாரிப் போட்டது. டெபிட் கார்டு, ரேஷன் கார்டு தவிர வேறு கார்டு அறியாத மனிதர்!

விஷயம் இதுதான். சித்தப்பா பையன், அதாவது என் தம்பி, கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுகிறான். பகலெல்லாம் தாலி கட்டுகிற சீனுக்குப் பூத் தூவுவான். ராத்திரி வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கண்ணில் பட்டவனையெல்லாம் சுட்டுத் தள்ளுவான். அந்தக் கம்ப்யூட்டருக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமாம். 'வீட்லயும் எடிட்டிங் பண்ணுவேன், நாலு காசு வரும்' என்று சொல்லி, மரவள்ளிக் கிழங்கு விற்ற காசில் முப்பதாயிரம் கேட்டிருக்கிறான்.

அதே முப்பதாயிரத்தின் மேல் சித்தப்பாவுக்கும் ஒரு கண். கிணற்று மோட்டாருக்குக் காயில் கருகிக் கருகி இரண்டு தடவை கட்டியாகிவிட்டது. இப்போது மூன்றாவது தடவையும் போய்விட்டது. "நீ வந்து பாரு. கணக்குப் போட்டு, வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. உன் வார்த்தைதான்" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் ரிச்சி தெருவில் ஒரு சுற்று. மூன்று கார்டுகளுக்கு விலை எழுதி வாங்கிக்கொண்டேன். மூன்றுமே நடுத்தர வர்க்கம், நம்மைப் போல.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, சுமார் 21,000 ரூபாய். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060: 12 ஜிபி, சுமார் 26,000. இரண்டும் 2021-ல் வந்தவை. 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060: 8 ஜிபி, சுமார் 30,000. தம்பி மனசு வைத்திருந்தது இந்தக் கடைசிச் சரக்கில்.

'அமெரிக்காவில் 299 டாலர்தானே, இங்கே ஏன் முப்பதாயிரம்?' என்று கொதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைய கணக்கில் டாலருக்கு 83 ரூபாய் போட்டால் 24,800 சொச்சம். அதன் தலையில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வைத்தால் 29,300-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அங்கே சொல்லும் விலையில் வரி சேராது. கடைக்காரர் மேல் கோபப்பட்டுப் புண்ணியமில்லை.

கடையில் ஒருத்தர் காதோரம் வந்து, "செகண்ட் ஹேண்ட் வேணுமா சார், பாதி விலை" என்றார். ஓடியே வந்துவிட்டேன். காரணம் உண்டு. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் என்கிற டிஜிட்டல் காசை கார்டு வைத்துத் தோண்டியெடுக்கும் முறை நின்றுபோனது. ராத்திரி பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அதில் ஒன்றை ஒரு கடையில் 'அப்படியே புதுசு சார்' என்று கேட்டு வாங்கி மாட்டினேன். மூன்றாவது வாரம் திரையில் வண்ணக் கோலம் போட்டுவிட்டுக் கண்ணை மூடியது. வாரன்டி கேட்டால், கடைக்காரர் என்னை யாரென்றே தெரியாத மாதிரி பார்த்தார்.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோட்டுக்குத் திரும்பி, தியாகதுருகம் மலைக்கோட்டையைத் தாண்டிக் கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது இருட்டிவிட்டது. 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டத்து ஊர். இப்போது தனி மாவட்டத் தலைநகர். மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமையும் உண்டு. தம்பி பைக்கோடு நின்றான்.

சித்தப்பா வீடு கச்சிராயபாளையம் பக்கம். அங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால், சீசனில் ரோட்டை ஆள்வது கரும்பு டிராக்டர்தான். தம்பியின் 150 சிசி பைக் அதன் பின்னால் மாட்டு வண்டியாகிவிட்டது.

"பார்த்தியா, உன் வண்டி நூறுல போகும். முன்னாடி டிராக்டர் விடணுமே!" என்றேன். அப்போது விளையாட்டாகத்தான் சொன்னேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டரின் கேபினெட்டைக் கழற்றினோம். சித்தி டார்ச் அடித்தாள். உள்ளே பார்த்தால்... மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். ரேம் ஒற்றை 8 ஜிபி குச்சி. எஸ்எம்பிஎஸ், கேபினெட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத பெட்டி. கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தருகிற 8 பின் ஒயரே அதில் கிடையாது. தம்பி கேட்ட கார்டைக் கையில் கொடுத்திருந்தாலும் மாட்ட வழியில்லை!

நம் சினிமா நொடிக்கு 24 படம் ஓடுகிறது. விளையாட்டுக்கு 60 ஓடினால் கண்ணுக்கும் கைக்கும் சுகம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். கார்டு உள்ளே 100 படம் வரைந்தாலும் மீதி 40 முழுசாய்க் கண்ணுக்கு வராது.

பேப்பரை எடுத்தேன். பி.காம் வேறு எதற்கு? 1080பி-யில் 6600 நூறு படம் தந்தால், 3060 அதற்குக் கொஞ்சம் மேலே. 4060 சுமார் 125. படத்துக்கு இத்தனை ரூபாய் என்று வகுத்தால் 6600-க்கு 210, 4060-க்கு 240. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இந்த வீட்டு மானிட்டர் காட்டுவது 60 மட்டும். அப்படி வகுத்தால் 6600-க்கு 350, 4060-க்கு 500! கார்டின் விலை கடையில் இல்லை, வீட்டு மேஜையில் இருக்கிறது.

"வீட்ல எடிட்டிங் பண்ணணுமேண்ணா" என்றான் தம்பி. நியாயமான பாயின்ட். எடிட்டிங் சாஃப்ட்வேர் பலதுக்கு என்விடியாதான் தோது, அதிலும் 12 ஜிபி உள்ள 3060 நன்றாக உழைக்கும். முடிவு சொல்லாமல் படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை கல்வராயன் மலை. கோமுகி அணையை ஒட்டி ரோடு மேலே ஏறுகிறது. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை இது. அதன் பிறகுதான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள், மரவள்ளிக் காடு, வளைவுக்கு வளைவு மாறுகிற காற்று. தூரத்து ஊட்டிக்கு லீவு போடுகிறவர்கள் இதையும் ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் மார்ச்சில் வேண்டாம்.

ஏன் என்றால், பெரியார் அருவியில் நாங்கள் பார்த்தது பாறை. அதில் நூல் மாதிரி கொஞ்சம் ஈரம்.

"மழைக்கு அப்புறம் வந்தா கொட்டும்ணா" என்றான் தம்பி, சொந்த அருவி மாதிரி வெட்கப்பட்டு.

"சரி, வருஷத்துக்குச் சராசரி போட்டா இதுல தண்ணி இருக்கா, இல்லையா?"

"இருக்கும்."

"அந்தச் சராசரியில இப்ப நான் குளிக்க முடியுமா?"

சிரித்தான். விளையாட்டிலும் இதே கதைதான். 'சராசரி 80 படம்' என்று பெருமையாகச் சொல்வார்கள். எதிரி நாலு பேர் சேர்ந்து குதிக்கிற நேரத்தில் அது 25-க்கு விழுந்து திரை சிக்கும். செத்த பிறகு சராசரியை வைத்து என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் 'ஒன் பர்சன்ட் லோ' என்று ஒன்றைப் பார்ப்பார்கள், அதாவது ரொம்ப மோசமான நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் எத்தனை படம் என்று. அந்தக் கோடைக் கணக்கைக் காப்பாற்றுவது கார்டு மட்டுமில்லை. ரேம் போதாவிட்டாலும் சிக்கும். இவனுடைய ஒற்றைக் குச்சிக்கு ஜோடியாக இன்னொரு 8 ஜிபி போட்டால் அன்றைக்கு 1,800 ரூபாய்தான்.

பாறையில் உட்கார்ந்திருந்தோம். தம்பி ஒரு கல்லை எடுத்து எறிந்தான். "அண்ணா... எடிட்டிங்லாம் ஸ்டூடியோலதான் பண்றேன். வீட்ல விளையாடத்தான் கேக்குறேன். அதைச் சொன்னா அப்பா குடுக்க மாட்டார்னுதான்..."

காலை ஒன்பது மணிக்குப் போனால் ராத்திரி எட்டுக்கு வருகிற பையன். சம்பளத்தில் பாதியை வீட்டில் கொடுக்கிறவன். நண்பர்களோடு பேசிச் சிரிக்கிற நேரம் அந்த இரண்டு மணி நேரம்தான்.

"விளையாடறது தப்பில்லைடா. ஆனா விளையாட்டுக்கு எடிட்டிங்னு பில் போடாதே. நீயே சொல்லிடு" என்றேன்.

சொன்னான். அன்று ராத்திரி திண்ணையில், தலையைக் குனிந்துகொண்டு. சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "கணக்கு?" என்றார்.

6600 கார்டு 21,000. நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் 4,000. ரேம் 1,800. மொத்தம் 26,800. மிச்சம் 3,200. 'ரே டிரேசிங்' என்கிற ஒளி ஜாலத்தில் 6600 கொஞ்சம் மட்டம்தான். சில கனமான விளையாட்டுகளில் படத்தின் தரத்தை ஒரு படி இறக்க வேண்டியிருக்கும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"பெட்டிக்கு எதுக்கு நாலாயிரம்?"

"லைன் சரியில்லாம உங்க மோட்டார் காயில் கருகிச்சே சித்தப்பா, அந்த மாதிரி. கரண்ட்டைச் சரியாக் குடுக்கறது இதுதான்."

சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப பெரிய கார்டு வாங்கினா?"

"மானிட்டர் காட்டாது."

"அட, அதைச் சொல்லு முதல்ல! ஊத்து இல்லாத கெணத்துல அஞ்சு எச்.பி.யைத் தூக்கிட்டு ஏழரை எச்.பி. போட்டா, ஏழரைதான் புடிக்கும்!"

நான் இரண்டு நாள் பேப்பரில் போட்ட கணக்கை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அதற்கப்புறம் கடையில் சரக்கு மாறிவிட்டது. 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 வந்தது. மறுபடியும் 8 ஜிபி, மறுபடியும் 299 டாலர். அடுத்த மாதமே ஏஎம்டி-யின் 9060 எக்ஸ்டி, 8 ஜிபி 299 டாலருக்கும் 16 ஜிபி 349 டாலருக்கும் வந்தது. புது விளையாட்டுகள் பல 1080பி-யிலேயே 8 ஜிபி-யைக் குடித்துவிடுவதால், புதிதாக வாங்குகிறவர்கள் ஜிபி-யைப் பார்த்து வாங்குவது நல்லது. ரேம் விலையும் 2025 கடைசியில் எகிறிவிட்டது. கார்டின் பெயர் மாறும், விலை மாறும். முதலில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு மோட்டார் வாங்குகிற கணக்கு மட்டும் மாறாது.

கார்டு போய்ச் சேர்ந்த அன்று தம்பி போன் பண்ணினான். "அண்ணா, அறுபது கெட்டியா நிக்குது!"

பின்னால் சித்தப்பா குரல் கேட்டது: "கேளு அவனை... அந்த மூவாயிரத்து இருநூறுல காயில் கட்டிட்டேன். இதுக்கும் வாரன்டி உண்டான்னு கேளு!"