குழியில் கிடைத்த பாட்டில்கள்

புதுச்சேரி வீட்டில் செப்டிக் டேங்க் தோண்டும்போது இரண்டு பழைய பாட்டில்கள் வந்தன. “துய்ப்ளேக்ஸ் துரை காலத்துது ஐயா, வித்தா பொண்ணு ஃபீஸ் கட்டிடலாம்” என்றார் மேஸ்திரி.

பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோட்டைத் தடவிப் பார்த்தேன். ஒன்றில் கோடு கழுத்தோடு நின்றது. வாயைக் கையால் தனியே முடித்திருக்கிறார்கள். மூத்தது அதுதான். மற்றதில் உதடுவரை ஏறியிருந்தது; முழுக்க இயந்திர வேலை. ஓவன்ஸின் தானியங்கி இயந்திரமே 1903-இல்தான் வந்தது. துய்ப்ளேக்ஸோ 1754-லேயே கப்பலேறிவிட்டார்!

அதன் அடியில் ‘தெபோசே’ என்று பிரெஞ்சு எழுத்து. துரை பெயராக்கும் என்றார் மேஸ்திரி. ‘பதிவு செய்தது’ என்று பொருள், அவ்வளவுதான். பள்ளியில் படித்த பிரெஞ்சு இதற்காவது உதவியதே!

தோண்டியவர் அவர்தானே, இரண்டையும் அவரிடமே கொடுத்தேன். விற்கும்போது உள்ளதைச் சொல்லச் சொன்னேன். வாசல்வரை போனவர் திரும்பி, கழுத்தைத் தடவிக் காட்டி, “கோடு நின்னுபோனது இதுதானே ஐயா, பழசு?” என்றார்.