ஆட்டுப்பால் சீஸும் அச்சுப்பாணும்

முதலிலேயே சொல்லிவிடுகிறோம், சீஸ் இழுபடவில்லை. வீடியோக்களில் பாணை இரண்டாகப் பிய்க்கும்போது நூல்நூலாக நீளுமே, அது எங்களுக்கு வரவேயில்லை. அதுக்காக மட்டும் வாசிக்க வந்த ஆக்கள் இதோட நிப்பாட்டலாம். மற்ற ஆக்களுக்கு, நாவற்குடாவில் ஒரு குசினிக்குள் ஆட்டுப்பாலில் சீஸ் செய்த கதை கீழே இருக்கு. செய்முறையும் அதுக்குள்ளேயே கிடக்கு.

நாங்கள் மூன்று பேர். வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் ஒன்றாகப் படிக்கிறோம். ஒருத்திக்கு ஊர் நாவற்குடா, ஒருத்திக்குக் காத்தான்குடி, மற்றவளுக்குப் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். பரீட்சை முடிந்த கிழமை பஸ்ஸில் வரும்போதுதான் அந்த வீடியோவைப் பார்த்தோம். எந்த நாட்டுக் குசினியோ தெரியாது. ஒரு பெண் பாணில் வெள்ளையாக ஆட்டுப்பால் சீஸைப் பூசி, தேன் ஊற்றி, மிளகாய்த்தூள் தூவி, இரும்புத் தட்டில் வைத்து அழுத்தி வாட்டுகிறாள். இனிப்பும் உறைப்பும் ஒண்டா. கல்லடிப் பாலம் வருவதற்குள் மூன்று தரம் பார்த்துவிட்டோம்.

அடுத்த நாள் டவுனில் தேடினோம். ஆட்டுப்பால் சீஸ் என்று ஒன்று அங்கே இல்லை. வட்டப் பெட்டிக்குள் முக்கோணத் துண்டுகளாக வருகிற மாட்டுப்பால் சீஸ்தான் இருந்தது. அதன் விலையைப் பார்த்துவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தோம்.

"ஆட்டுப்பால்தானே வேணும்? சீஸ் எண்டா பாலைத் திரைய வைக்கிறதுதானே?" என்றாள் படுவான்கரைக்காரி. அவள் எருமைத் தயிர் போடுகிற வீட்டில் பிறந்தவள். பால் விசயத்தில் அவள் சொன்னால் நாங்கள் மறுத்துப் பேசுவதில்லை.

நாவற்குடா வீட்டுக்குப் பக்கத்து வளவில் ஒரு மாமி ஆடு வளர்க்கிறா. காது தொங்குகிற சாதி, ஜமுனாபாரிக் கலப்பு என்று சொல்லுவா. குட்டி போட்டு இரண்டு மாதம். குட்டிகள் குடித்தது போக ஒரு காலைக்கு முக்கால் போத்தல் பால் எடுக்கலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம். என்னத்துக்கு என்று சொன்னதும் மாமி சிரித்தா. "ரெண்டு நாளைக்குத்தானே புள்ள, கொண்டு போங்க" என்றா. காசு நீட்டினோம், வாங்கவில்லை. முதல் நாள் பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, குளிர்ப்பெட்டியில் வைத்தோம். இரண்டாம் நாள் பாலையும் சேர்த்தால் ஒன்றரைப் போத்தல். லீற்றர் கணக்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூட.

பிரச்சினை அடுப்படியில்தான் தொடங்கியது. அம்மம்மா வந்து எட்டிப் பார்த்தா. ஒரு கையில் பால் சட்டி, மறு கையில் பிழிந்து வைத்த தேசிக்காய்ப் புளி.

"என்னத்துக்கு மனே புளி?"

"பாலைத் திரைய வைக்க அம்மம்மா."

அவவுக்கு முகம் மாறிவிட்டது. புது வீட்டுக்குப் போனால் முதல் வேலை பால் காய்ச்சுவது. பொங்கலுக்குப் பால் பொங்கி வழிய வேண்டும். திரைந்த பால் என்பது ஒரு வீட்டில் நடக்கக்கூடாத ஒன்று. அதை வேணுமென்று செய்வதா? அதுவும் ஆட்டுப்பாலை? அவ கிறுகிப் போய்த் திண்ணையில் இருந்துவிட்டா.

நாங்கள் அதைப் பழைய ஆக்களின் சாத்திரம் என்றுதான் நினைத்தோம். பிறகுதான் திண்ணையில் இருந்தபடியே கதையைச் சொன்னா. தொண்ணூறாம் ஆண்டு படுவான்கரையில் இருந்த காலம், சின்ன மாமா கைக்குழந்தை. பால்மா கிடைக்காது, கிடைத்தாலும் வாங்க முடியாது. அவவுக்கும் பால் வற்றிப் போச்சு. ஆரோ ஒரு வீட்டில் ஆடு இருந்தது. ஒரு சிரட்டைப் பால், அதுக்கு இரண்டு சிரட்டைத் தண்ணி, அதைக் காய்ச்சிச் சங்கில் பருக்கித்தான் அவரை வளர்த்திருக்கிறா. "ஒரு நாள் வெயிலுக்க அது திரைஞ்சு போச்சு. அண்டைக்கு முழுக்க அவன் அழுதான்" என்றா. அதுக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் அடுப்பைப் பார்த்தோம். பால் சூடேறிக்கொண்டிருந்தது. நிப்பாட்டுவதா என்று ஒருத்தி கேட்டாள். "நிப்பாட்டினா மட்டும் என்ன, செய்யுங்க. வீணாக்காம செய்யுங்க" என்று திண்ணையில் இருந்தே பதில் வந்தது.

செய்த விதம் இதுதான். பால் பொங்கி எழுவதற்குக் கொஞ்சம் முந்தி, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும்போது, நெருப்பைக் குறைத்தோம். இரண்டு தேசிக்காயின் புளியை ஒரேயடியாக ஊற்றாமல் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்கினோம். மாட்டுப்பால் என்றால் உடனே கட்டி கட்டியாகப் பிரியும். ஆட்டுப்பால் அப்படி இல்லை. கட்டியை இறுக்கிப் பிடிக்கிற ஒரு வகைப் புரதம் அதில் குறைவு, அதனால் மணல் மாதிரி நொய்யாகத்தான் திரையும். பிழைத்துப் போச்சு என்று பயந்து நாங்கள் மூன்றாவது தேசிக்காயையும் பிழிந்தோம். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம், அடுப்பை நிப்பாட்டிப் பத்து நிமிசம் சும்மா விட்டாலே பிரிந்துவிடும்.

பிறகு கழுவிக் காயவைத்த பருத்திச் சீலையில் வடித்து, உப்புச் சேர்த்து, முடிச்சுப் போட்டுக் குழாயில் தொங்கவிட்டோம். இரண்டு மணித்தியாலம். வெளியே கச்சான் காத்து அடித்துக்கொண்டிருந்தது, குசினி முழுக்க ஆட்டு மணம். அந்த மணத்துக்குக் காரணமான கொழுப்பமிலங்களுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே கப்ரோயிக், கப்ரிலிக், கப்ரிக். லத்தீனில் ஆட்டுக்குக் 'கப்ரா' என்று பெயராம். மணக்குது என்று முறைப்பட இடமில்லை, அதன் பெயரே ஆடுதான்.

தராசில் வைத்தால் 180 கிராம். ஒன்றரைப் போத்தல் பாலுக்கு ஒரு கைப்பிடி! வடிந்த தண்ணியை ஊற்றிவிடவில்லை. அம்மம்மா கேட்டு வாங்கி, இரவு ரொட்டிக்கு மாக் குழைக்க எடுத்து வைத்தா.

இனிப்புக்கும் உறைப்புக்கும் தேனும் மிளகாய்த்தூளும் தேடவில்லை. காத்தான்குடிக்காரி தன்ட வீட்டில் இருந்து ஒரு போத்தல் சீனிச்சம்பல் கொண்டுவந்தாள். பெரிய வெங்காயத்தை மெல்லிசாக வெட்டி, சின்ன நெருப்பில் ஒரு மணித்தியாலமாவது வதக்கி, இடித்த கொச்சிக்காய், மாசி, புளி, கறுவா, ஏலம், ரம்பை எல்லாம் போட்டுக் கடைசியில் சீனி சேர்ப்பது. "அவசரப்பட்டா வெங்காயம் கரையாது, மறுகா எவ்வளவு சீனி போட்டாலும் சரிவராது" என்பது அவள் உம்மாவின் விதி. அந்த வீடியோ தேடிப்போன இனிப்பும் உறைப்பும் ஏற்கெனவே ஒரு போத்தலுக்குள் எங்களிடம் இருந்திருக்கு. பாணுக்கு அதைப் பூசிச் சாப்பிட்டுத்தான் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போனோம்.

இதை வெளிநாட்டுச் சாப்பாடு என்று நாங்கள் சொல்லிக்கொண்டு திரிந்ததும் பாதிதான் சரி. பாண் என்பதே போத்துக்கீசச் சொல். குசினியும் அப்படித்தான், மேசையும் அலுமாரியும் அப்படித்தான். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியவர்கள் பத்து வருசத்தில் அதை ஒல்லாந்தரிடம் இழந்துவிட்டார்கள். சொற்கள் மட்டும் எங்கட வாயில் தங்கிவிட்டன. கொச்சிக்காயும் அமெரிக்காக் கண்டத்தில் இருந்து போத்துக்கீசரின் கப்பலில் ஆசியாவுக்கு வந்ததுதான். இந்தச் சாண்ட்விச்சில் உண்மையாகவே ஊருக்குப் புதுசு அந்தத் திரைந்த பால் ஒன்றுதான். அதுக்கும் ஆடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது.

வாட்டும் முறை லேசு. அச்சுப்பாண் துண்டின் வெளிப்பக்கம் மாஜரீன். உள்ளே ஒரு பக்கம் சீஸ், மறுபக்கம் சீனிச்சம்பல், மெல்லிசாக. சம்பலைக் கூடப் போட்டால் எண்ணெய் வடிந்து பாண் ஊறிவிடும். தோசைக்கல்லில் சின்ன நெருப்பில் வைத்து, மேலே ஒரு தட்டு, தட்டுக்கு மேலே அம்மிக்குழவி. பக்கத்துக்கு மூன்று நிமிசம். குழவியின் பாரத்தில் பாண் தட்டையாகி, மேல்பக்கம் பொன்னிறமாக மொறுமொறு என்று வந்தது.

பிய்த்தோம். இழுபடவில்லை. புளி விட்டுச் சூட்டில் திரைத்த சீஸ் உருகாது என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தோம், பன்னீர் உருகாததும் அதனால்தான். ஆனால் வாயில் வைத்ததும் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. முதலில் சம்பலின் இனிப்பு, பிறகு உறைப்பு, அந்த உறைப்பைச் சீஸ் வந்து தணிக்கிறது. கடைசியில் லேசாக ஆடு. அம்மம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்தோம். பாணின் ஓரத்தைக் கடித்துப் பார்த்து, "உப்புக் காணாது" என்றா. ஆனால் துண்டை முடித்துவிட்டா.

இதோட எழுதி முடித்திருக்கலாம். ஆனால் ஒரு சாண்ட்விச்சை மூடிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனோம். அவவின் பேத்தி வாசலில் இருந்தாள், நாலு வயது. கையில் கப். உள்ளே பார்த்தால் பிளேன்ரீ.

"பிள்ளைக்குப் பால் இல்லையா மாமி?"

"அவட பால்தானே உங்களுக்குத் தந்தது. ரெண்டு நாள் பிளேன்ரீ குடிச்சா என்ன, ஒண்டும் ஆகாது."

எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. 2022இல் காஸ் வரிசையில் நின்ற நாட்களில், பால்மா விலை ஏறி எங்கட வீடுகளிலும் பால்தேத்தண்ணி நின்றது. முதலில் பெரிய ஆக்களுக்கு, பிறகு எங்களுக்கு. கடைசிவரைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படியோ கிடைத்தது. அது எங்களுக்குத் தெரியாத கதை இல்லை. அதற்கு முன்னம் நடந்த கதையையும் அண்டைக்குக் காலையில்தான் திண்ணையில் கேட்டிருந்தோம். கேட்டுவிட்டும், இந்தப் பால் வழக்கமாக ஆருக்குப் போகிறது என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை.

பிள்ளை சாண்ட்விச்சைத் திறந்து, சம்பலை ஒதுக்கி, சீஸை விரலால் வழித்துச் சாப்பிட்டாள். பாணை ஆட்டுக்குக் குடுத்தாள். மாமி சிரித்துக்கொண்டே நின்றா. திங்கட்கிழமை படுவான்கரைக்காரி ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவந்தாள். மூன்று பேருமாய்ப் போய்க் கொடுத்தோம். காசை வாங்காத மாமி தயிரை வாங்கிக்கொண்டா.

நீங்களும் செய்து பாருங்க, ருசியில் குறை இல்லை. ஆனால் செய்முறையின் முதல் வரியை நாங்கள் மாற்றி எழுத வேண்டியிருக்கு: ஆட்டுப்பால் ஒன்றரைப் போத்தல், அது ஆருடைய பால் என்று கேட்ட பிறகு.