பலாக்கட்டையைத் திறப்பது

பண்ருட்டிப் பக்கம் காற்றில் ஒரு பலா சாய்ந்தால், அதை வெட்டி அகற்ற ஆள் உடனே கிடைப்பார். பலகையாக அறுத்துத் தரத்தான் ஆள் அரிது. பெருத்த அடிமரத்தைத் தோப்பிலிருந்து சாலைக்கு இழுத்து, லாரி பிடித்து, அறுவை மில்லுக்கு அனுப்பும் செலவுக்கு அஞ்சியே பலர் அதைத் துண்டு போட்டு விறகுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது இந்த வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக விழுந்தன. "அப்பவே இந்த வேலை தெரிஞ்சிருந்தா எத்தனையோ கட்டை பொழச்சிருக்கும் தம்பி" என்றார், நான் தொழில் பழகப் போன அறுப்புக்கார அண்ணன். மரம் விழுந்த இடத்துக்கே செயின் வாளைக் கொண்டுபோய்ப் பலகை அறுத்துக் கொடுப்பவர் அவர்.

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. 90 சிசி வாள், செயின் சுற்றி ஓடும் அதன் பாரில் இறுக்கிய ஓர் இரும்புச் சட்டம். இரண்டுக்கும் இடையில் விடும் இடைவெளிதான் பலகையின் கனம். முதல் வெட்டுக்கு மட்டும் கட்டையின் முதுகில் நேரான அலுமினிய ஏணி ஒன்றைப் பொருத்துகிறார். சட்டம் அதன்மேல் சறுக்கிப் போகும். பிறகு அறுத்த தளமே அடுத்த வெட்டுக்கு வழி. ஏணி முறுக்கியிருந்தால் எல்லாப் பலகையும் முறுக்கும். அதனால் மட்டம் பார்ப்பதில் அவர் காட்டும் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

வாளைத் தொடவிடும் முன் என் கையில் உருண்டை அரத்தைத்தான் கொடுத்தார். குறுக்கே வெட்டும் செயினில் பல்லின் சாய்வு 30 பாகை அளவில் இருக்கும். நெடுக்காக அறுக்க அதை 10 பாகைக்குக் குறைக்க வேண்டும். ஒரு பக்கப் பல் நீண்டு மறுபக்கம் குறைந்தால் வெட்டு கோணிக்கொண்டு போகும். தூளை விரலில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மாவாக இருந்தால் செயின் மழுங்கிவிட்டது, நிறுத்து.

உண்மையான வித்தை அதற்கும் முன்னால் இருக்கிறது. அண்ணன் கட்டையைச் சுற்றிச்சுற்றி வருகிறார். வேலிக்கம்பி கட்டிய இடத்தில் பட்டை உள்வாங்கி வடுவாகியிருக்கும். உள்ளே இரும்பு இருந்தால் செயின் போச்சு. அடிமுகத்தில் நடுவிலிருந்து கிளம்பும் வெடிப்புகளை விரலால் தொடர்கிறார். அந்த வெடிப்பு முழுவதும் ஒரே பலகைக்குள் அடங்கும்படி கட்டையைத் திருப்பி வைக்கிறார். தஞ்சாவூர் வீணைக்குப் போகிற மரம் இது. குடம் குடைய வேண்டிய கட்டையில் நடு சேர்ந்துவிட்டால் காயும்போது பிளந்துவிடும். ஆகவே நடுவை விலக்கி, வைரம் மட்டுமாக ஒரு பக்கத்திலிருந்து கனத்த துண்டு எடுக்க வேண்டும். அவருடைய அப்பா, மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக இழுக்கும் வாளில் அறுத்தவர். வாள் மாறியிருக்கிறது, கட்டையைப் பார்க்கும் கண் அந்தக் குழியிலிருந்து வந்ததுதான்.

வெட்டு தொடங்கியதும் அழுத்தக் கூடாது. வாளின் எடையே போதும். ஓரளவு போனதும் உதவிக்கு நிற்கும் இளைஞர் பின்னால் ஆப்பு செருகுகிறார், மேற்பலகை பாரைக் கவ்வாதிருக்க. மஞ்சள் தூள் எங்கும் படிகிறது. புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் தந்தது இதே மரம். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். அண்ணன் காதுக்கவசம் போடுகிறார். ஆப்பு அடிக்கும் அந்த இளைஞரின் காதில் பஞ்சுகூட இல்லை. தொழிலைக் கற்றுக்கொடுக்கும்போதே காதையும் காக்கக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். அண்ணனிடமே இதைச் சொன்னேன். அடுத்த வேலைக்குள் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மரம் தூளாகிறது. மில்லின் பட்டை வாள் இதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தின்னாது. மெல்லிய பலகை வேண்டுவோர் மில்லுக்குப் போவதே நல்லது என்பது என் எண்ணம். கனத்த சட்டத்துக்கும் வீணைக் கட்டைக்கும் இந்த வாள் போதும்.

அறுத்த பலகைகளின் இரு முனைகளிலும் அன்றே பெயின்ட் பூசினோம், ஈரம் அவசரமாக வெளியேறி வெடிக்காமலிருக்க. பலகைகளுக்கு நடுவே ஒரே கனத்தில் குச்சிகள் வைத்து நிழலில் அடுக்கினோம். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு. வீணைக் கட்டையை அதற்கு முன் கேட்டு வருகிற வியாபாரிக்கு அவர் கொடுப்பதில்லை.