காந்தம்

19 வருடங்களாக ஊர்ப் பாடசாலையில் படிப்பிக்கும் நான் இன்றும் மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறேன். கார் விற்ற கதை எழுத எனக்கு என்ன தகுதி என்று என்னை அறிந்தவர்கள் கேட்கக்கூடும். கார் என்னுடையதல்ல, தம்பியுடையது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஜப்பானில் செய்த ஹொண்டா சிவிக் ஃபெரியோ, எஸ்.ஐ.ஆர். வகை. பார்த்தால் சாதுவான குடும்பக் கார். உள்ளே 1,600 சீசீ என்ஜினில் 170 குதிரைவலு. நிமிடத்துக்கு 5,500 சுற்றைத் தாண்டிய கொஞ்சத்தில் வால்வுகள் இன்னும் ஆழமாகவும் கூடிய நேரமும் திறக்கத் தொடங்கும். அப்போது சத்தமே மாறிவிடும். மீரிகம – குருநாகல் அதிவேகப் பாதையில் தம்பி ஒருமுறை இரண்டாம் கியரில் வைத்து அதைக் கேட்கச் செய்தான். நான் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு கதவைப் பிடித்திருந்தேன்.

2022இல் நாடு வரிசையில் நின்றபோது அவன் கட்டார் போனான். போகும்போது சாவியோடு ஒரு சீ.ஆர். கொப்பியையும் தந்தான். ஒவ்வோர் 5,000 கிலோமீற்றருக்கும் ஒயில் மாற்றிய திகதி, டைமிங் பெல்ட் போட்ட நாள், பிரேக் பேட் வாங்கிய பில் எல்லாம் ஒட்டப்பட்டிருந்தன. என் மாணவர் எவரும் இப்படியொரு கொப்பி வைத்திருந்ததில்லை. கிழமைக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ண வேண்டும், 95 பெற்றோல்தான் அடிக்க வேண்டும், என்ஜின் சூடாகும்வரை 3,000 சுற்றைத் தாண்டக்கூடாது. கியூஆர் காலத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அப்போதும் நான் சொன்னபடி செய்தேன்.

2024இல் விற்கச் சொன்னான். வெளிநாடு போவதற்காக அவன் மனைவியின் நகைகளை அடகு வைத்திருந்தார்கள். மீட்கும் தவணை நெருங்கியிருந்தது. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது என்பதால் அப்போது பழைய கார்களுக்கு நல்ல விலை. கார் சேலில் விட்டால் தரகு போகும். வீட்டில் வைத்தே விற்போம் என்று முடிவெடுத்தோம்.

வருபவர்கள் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள் என்று கராஜ் பாஸ் சொன்னார். தகரத்தில் ஒட்டும், பட்டி போட்ட இடத்தில் ஒட்டாது. விஞ்ஞான அறையிலிருந்து சட்டக் காந்தமொன்றை எடுத்துவந்து, பெயின்ற் கீறாமல் லேன்சியால் சுற்றி, நானே முதலில் பார்த்தேன். பொனற், கதவுகள் எல்லாம் சரி. இடது பின்சக்கரத்துக்கு மேலே ஒரு கையகல இடத்தில் காந்தம் வழுக்கி விழுந்தது. மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் விழுந்தது.

தம்பிக்கு அழைத்தேன்.

"அது நான் எடுக்கக்குள்ளயே ஈந்தது நானா. துருவ வெட்டிப் போட்டு பட்டி வெச்சீக்கி. நீங்களாச் செல்லாட்டி யாருக்கும் தெரியாது."

முதலில் வந்த பொடியன்களுக்குக் கொப்பி தேவைப்படவில்லை, சாவிதான் வேண்டும். நான் கொடுக்கவில்லை. அடுத்து வந்த தரகர் கைநிறையக் காசு காட்டினார். ஆனால் உடைமை மாற்றப் படிவத்தில் பெயரும் திகதியும் போடாமல் கையெழுத்து மட்டும் வேண்டுமாம். நாளைக்கு அந்தக் கார் எங்காவது மோதினாலோ எதையாவது கடத்தினாலோ பொலிஸ் தேடி வருவது புத்தகத்திலுள்ள பெயரைத்தானே. அவரையும் அனுப்பிவிட்டேன்.

மூன்றாவதாகத் தகப்பனும் மகனும் வந்தார்கள். மகன் பொனற்றில் கை வைத்து என்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். புகைக்குழாயின் பின்னால் குந்தி, நீலப்புகை வருகிறதா என்று கவனித்தான். கொப்பியை ஒவ்வொரு பக்கமாக வாசித்தான். காந்தம் கொண்டுவரவில்லை. தகப்பன் முழு விலைக்கும் சம்மதித்து முற்பணத்தை எடுத்தார்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட ஹதீஸை நான் எத்தனை வருடம் வகுப்பில் சொல்லியிருப்பேன். அது ஞாபகம் வந்ததால்தான் சொன்னேன் என்று எழுதினால் பொய்யாகும். அந்தப் பொடியன் கொப்பியை வாசித்த விதம்தான் என்னைப் பேச வைத்தது. மேசை லாச்சியிலிருந்து காந்தத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"இடது பக்கம் பின்னுக்கு வெச்சுப் பாருங்க மகன்."

தகப்பனின் முகம் மாறியது. இருவரும் கேற்றடியில் நின்று வெகுநேரம் பேசினார்கள். "சேர், மூணு இலட்சம் குறைச்சா எடுக்கிறோம்" என்றார் திரும்பி வந்து. படிவத்தில் பெயர், திகதி எல்லாம் எழுதி, ஒரு பிரதியை நான் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பணத்தில் காப்புகளை மீட்டோம். மாலை இன்னும் அடகில்தான் கிடக்கிறது. மாதாமாதம் அதன் வட்டியை நான் கட்டுகிறேன். காரின் ஈரத்தைக் காட்டிய மனிதன் வட்டி கட்டுவது பற்றி நீங்கள் கேட்கலாம். என்னிடம் பதில் இல்லை.

விலை குறைந்ததைச் சொன்ன இரவு தம்பி வெகுநேரம் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டான்:

"சூடாகும்வரைக்கும் 3,000த்துக்கு மேல போக வாணாமெண்டு அந்தப் பொடியனுக்குச் சென்னீங்களா நானா?"

சொல்லியிருந்தேன்.