அண்ணாமலையில் ஒரு தையல் இலைச் சாப்பாடு

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த கையோடு ஹோட்டலைத் தேடி ஓடுவதுதான் நம்மவர் வழக்கம். ரமணாசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், சகோதரிகளே. சாப்பிட வேண்டுமானால் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பகல் 11.30-க்கு மணி அடிக்கிறது. தரையில் வரிசையாகத் தையல் இலை. சாதம், சாம்பார், ரசம், கறி, மோர். காரமும் எண்ணெயும் மட்டுத்தான்.

1916-ல் மகனோடு தங்கிவிட வந்த தாயார் அழகம்மாள் மலைமேல் மூட்டிய அடுப்புதான் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி. அப்பளம் இட ஒத்தாசைக்குக் கூப்பிட்டால், ரமணர் உளுந்தையும் பிரண்டையையும் வைத்தே ஒரு ஞானப் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்! (நம் வீட்டுப் பிள்ளைகள் அதைக்கூடத் தருவதில்லை.) பிற்காலத்தில் அவரே விடியுமுன் அடுக்களைக்கு வந்து காய் நறுக்குவாராம். தமக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் கோபம் வந்துவிடும்.

என் கணவருக்குச் சர்க்கரை. வீட்டில் பேப்பரைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிஷத்தில் தட்டைக் காலி செய்கிறவர், அங்கே பந்தியோடு நிதானமாக மென்றார். இரண்டாம் தடவை சாதம் கேட்கவில்லை. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச்சேர இருபது நிமிஷம் போல ஆகுமாம். அவசரக்காரர்கள் அதற்குள் இன்னொரு பிடி பிடித்துவிடுகிறார்கள். தரையில் உட்கார்ந்தாலே சர்க்கரை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாத்திரை மாத்திரைதான். மூட்டுவலிக்காரர்கள் சம்மணமிட்டு அவஸ்தைப்படவும் வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டில் இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாய் விரிக்கிறேன். செல்போன்களெல்லாம் அலமாரிக்குள். மகனுக்குத்தான் இன்னும் முணுமுணுப்பு.